வெற்றிருக்கை சொல்வதென்ன?

நூற்றுக்கு 75 நாள் வருகை வேண்டும். குறைந்தால் தண்டத்தொகை, மேலும் குறைந்தால் தேர்வெழுதத் தடை. தமிழகப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் நெறி இதுவே. வாராத மாணவனைப் பற்றிக் கல்லூரி ஆசிரியர் பெரும்பாலும் அறிந்திருப்பதும் அவ்வெண் ஒன்றே!

அவன் இரவெல்லாம் அங்காடியில் மூட்டை சுமந்தவனாயிருக்கலாம். அவனுக்கு விதிக்கும் தண்டத்தொகை இன்னும் சில இரவுகள் மூட்டை சுமக்கவே அவனை அனுப்பும்.

அதனினும் கொடிது, வந்தும் வாராதிருப்பவன் நிலை. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் பயின்றவன்மேல் முதல்நாளே ஆங்கிலம் கொட்டப்படுகின்றது. வினவ நாணுகிறான், பிறர் நகைப்பரென அஞ்சுகிறான். சில கிழமைகளில் கடைசி இருக்கைக்கு நகர்கிறான். பின்னர் அவ்விருக்கையும் வெறுமையாகின்றது. இதனைச் சோம்பல் என்று எழுதிவிடுதல் எத்துணை எளிது! (அவ்வாறு எழுதும் ஆசிரியருள் பலர் தமிழ்வழியில் பயின்றவரே.)

2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழில் கற்பிக்கத் தொடங்கிற்று. பொறியியலுக்கே இயன்றது பிறவற்றுக்கு இயலாதா?

ஆங்கிலவழி வகுப்பேயாயினும், கருத்தை முதலில் தமிழில் விளக்கிப் பின்னர் ஆங்கிலச் சொல்லைத் தருவதை எந்த நெறி தடுக்கின்றது? மூன்றுநாள் வாராதவனைத் தனியே அழைத்து, "வீட்டில் என்ன இடர், தம்பி?" என்று வினவுதற்கும் துறைத்தலைவர் ஒப்புதல் வேண்டுவதில்லை.