காற்றறிந்த கைகள்

காதர்பேட்டைக் கடைவாசலில் பனியன் மூட்டை ஏற்றும் தோழனைக் கேளுங்கள்: இந்த நூலை நூற்றது எது? மில் என்பான். மில்லை ஓட்டியது எது? கரண்ட் என்பான். அந்தக் கரண்டில் ஒரு பங்கு, பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து உடுமலையிலும் பல்லடத்திலும் சுழன்றடிக்கும் ஆனி ஆடிக் காற்று அன்றோ!

இன்று தமிழகக் காற்றாலைகளின் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டி நிற்கிறது. இயந்திரத்தை இறக்கியதும் மின்சாரம் கொட்டிவிட்டதா? இல்லை, தோழர்களே! 1986-ல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் மின்சார வாரியம் காற்றாலை நட்டது. அந்நாளைய எந்திரங்கள் சுழலும்போது மின்தொடரின் வோல்டேஜையே இறக்கிவிடும். கெப்பாசிட்டர் பூட்டிச் சமாளித்தார்கள். காற்றுக் காலத்தில் மிஞ்சுவதை வாரியத்திடம் வரவு வைத்து, காற்றில்லாக் காலத்தில் எடுத்துக்கொள்ளும் 'பேங்கிங்' ஏற்பாடும் வந்தது. அதன் பிறகே மில் முதலாளிகள் துணிந்து பணம் போட்டனர்.

கடம்பாறையைப் பாருங்கள். மிச்ச மின்சாரத்தால் மேல் ஆழியாற்றுத் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும் நேரத்தில் இறக்கி மின்சாரம் எடுக்கும் 400 மெகாவாட் நிலையம் அது. எண்பதுகளில் கட்டிய அந்நிலையம் இன்று காற்று மின்சாரத்துக்கும் கை கொடுக்கிறது. பழைய கருவியைப் புதிய வேலைக்குத் திருப்பிய அறிவு எந்தக் கோப்பில் இருக்கிறது? கண்ட்ரோல் ரூமில் இரவு ஷிப்டு பார்த்தவர் தலையில் இருக்கிறது! ஆடிக் காற்றில் எந்த பீடர் முதலில் விழும் என்பது லைன்மேனுக்குத் தெரியும். மின்விசிறிக் காற்றன்றி வேறு காற்றறியாத அதிகாரிக்குத் தெரியுமா?

2010-ல் வாரியம் பிரிந்தது. 2024-ல் மீண்டும் பிரித்து, பசுமை மின்சாரத்துக்கென்றே தனிக் கழகம் அமைத்தார்கள். அதே ஆண்டில், இருபதாண்டு கண்ட காற்றாலைகளைப் புதுப்பிக்கவும் பெரிதாக்கவும் கொள்கை வகுத்தார்கள். இரண்டும் நல்லதே, வரவேற்கிறோம். ஆனால் பலகை மாறும்போது ஆள் சிதறினால்? ஓய்வு பெறுவோர் இடம் காலியாகி, ஒப்பந்தத் தொழிலாளி நாளை இருப்போமா என்று தெரியாமல் கம்பம் ஏறினால், யாரிடம் யார் தொழில் கற்பது? கணிப்பொறி காற்றின் வரவை முன்கூட்டிச் சொல்லும், அதுவும் வேண்டும்தான். அறுந்த கம்பியை இழுத்துக் கட்ட அது வராது.

ஒப்பந்தத் தொழிலாளரை நிரந்தரமாக்குங்கள். பழைய காற்றாலையைப் பிரிக்குமுன் அதைப் பராமரித்தவரை அழைத்துக் கேட்டு எழுதி வையுங்கள். புதுப்பிப்புத் திட்டம் பேசும் கூட்டத்தில் களத் தொழிலாளிக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்.