கல்மண்டபத்தில் ஒதுங்கியபோது

கடலாதெனிய விகாரையைக் குடும்பத்துடன் அடைந்தபோது மழை பிடித்துக்கொண்டது. கல்மண்டபத்தில் ஒதுங்கினோம். தூண்களை அண்ணாந்து நோக்கிய இளைய மகள், “அப்பா, இது எங்கட கோயிலா?” என்றாள்.

கேள்வியிற் பிழையில்லை. 1344ஆம் ஆண்டில், நான்காம் புவனேகபாகுவின் ஆட்சியில், இதனை அமைத்தவர் கணேஸ்வராச்சாரி என்னும் தென்னிந்தியச் சிற்பி. உள்ளே புத்தர், அருகிலேயே விஷ்ணு. அண்மையிலுள்ள லங்காதிலகத்திலோ, பாறைமீது சிங்களச் சாசனத்துடன் தமிழ்ச் சாசனமும் உண்டு.

பேராதனைப் பூங்காவரை மாணவரை அழைத்துவரும் நம் ஆசிரியர்கள் இன்னுஞ் சில மைல் வந்தாலென்ன? ‘அவர்களுடைய விகாரை’ என்று விலகி நிற்பது எனக்கு உடன்பாடன்று. நம் எழுத்தையும் அங்கேயே விட்டு வருகின்றோமல்லவா?

லங்காதிலகத்தின் பாறைப்படிகளில் ஏறும்போதும் தூறல் விடவில்லை. மகள்தான் முன்னே சென்றாள்.