கல்யாணத்தை வளவிலேயே வையுங்கள்

காரைக்குடிப் பக்கம் கல்யாணப் பத்திரிகை வந்தால், முகூர்த்த நேரத்துக்கு முன்னால் நான் பார்ப்பது இடத்தைத்தான். பெரும்பாலும் ஏதாவது ஒரு ஏ.சி. மண்டபத்தின் பெயர் இருக்கும். அதே ஊரில் அந்தக் குடும்பத்தின் பெரிய வீடு பூட்டிக் கிடக்கும். இது எனக்குச் சரியாகப் படவில்லை.

அந்த வீடுகளின் அமைப்பைப் பாருங்கள். வந்தவர்கள் உட்காரத் திண்ணை, முகப்பு. சடங்குக்கு வளவு. நடுவில் வானம் பார்த்த முற்றம் இருப்பதால் ஓமப்புகை தங்காது. பந்திக்கு இரண்டாம் கட்டு, சமையலுக்கு அதற்கும் பின்னால். அரிசி மூட்டையும் காய்கறி வண்டியும் பின்தெரு வாசல் வழியாக வந்து போகும். வளவைச் சுற்றியுள்ள அறைகள் ஒவ்வொரு பிள்ளையின் குடும்பத்துக்கும், சீர் சாமான்களுக்கும். பர்மா தேக்கையும் இத்தாலிப் பளிங்கையும் கப்பலில் கொண்டுவந்து இழைத்தது வெறும் படுத்து எழுவதற்கு மட்டுமா? விசேஷமும் படைப்பும் நடத்தத்தானே!

1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்தான். அங்கிருந்து வந்த வருமானம் நின்றது. பிள்ளைகள் சென்னை, சிங்கப்பூர், அமெரிக்கா என்று போனார்கள். வீடு மட்டும் பங்காளிகள் அத்தனை பேருக்கும் பொதுவாக நின்றது. பொது வீட்டுக்கு ஓடு மாற்ற யார் முதலில் பணம் எடுப்பார்கள்? ஒரு மழைக்காலம் ஒழுகினால் உத்திரம் இற்றுப்போகும். அப்புறம் விற்பதைத் தவிர வழியில்லை என்பார்கள். முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் நிற்கும் நிலைகளும் தூண்களும் அப்படி வந்தவைதானே.

கல்யாணம் ஒன்று வந்தால்தான் இந்த முடிச்சு அவிழ்கிறது. சாவிகள் ஒன்றுசேரும். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியிடமும் சம்மதம் கேட்டுப் போயாக வேண்டும். ஓடு மாற்றி, ஒட்டடை அடித்து, கிணறு தூர் வாருவார்கள். மண்டபத்து வாடகை மறுநாளே மறந்துபோகும்; ஓட்டுக்குப் போட்ட பணம் பல வருஷம் வீட்டைக் காக்கும்.

எதிர்ப்பக்கம் இருக்கும் நியாயத்தையும் சொல்ல வேண்டும். படி உயரம், முட்டி வலிக்காரர்கள் பாடு கஷ்டம். கழிப்பறை போதாது. வெயில் காலத்தில் வேர்க்கும். எல்லாம் உண்மை. ஆனால் படிக்குப் பலகைச் சரிவு போடலாம். தற்காலிகக் கழிப்பறை வாடகைக்குக் கிடைக்கிறது. ஆயிரம் பேரை அழைக்காமல் முந்நூறு பேரோடு நடத்தலாம். வந்தவர்களின் முகத்தையாவது பார்த்துப் பேசலாம்.

வைப்பவர்களுக்கு மூன்று விஷயம் சொல்வேன். பந்தல்காரர் சுவரில் ஆணி அடிக்கவோ டேப் ஒட்டவோ விடாதீர்கள். முட்டைவெள்ளை கலந்த அந்தச் சுண்ணாம்புப் பூச்சு பெயர்ந்தால் அதே பதத்தில் பூசுகிற கொத்தனார் கிடைப்பது அரிது. அலங்கார விளக்கை வீட்டின் பழைய ஒயரில் மாட்டாமல் தனி ஜெனரேட்டரில் மாட்டுங்கள். பளபளப்புக்காகத் தேக்குத் தூணில் பெயிண்ட் அடிக்காதீர்கள்.

வெளியாட்கள் இந்த வீடுகளை ஒருநாள் வாடகைக்கு எடுத்துப் போட்டோவுக்காகக் கல்யாணம் செய்வதையும் நான் குறை சொல்லமாட்டேன். பூட்டிக் கிடப்பதற்கு அது மேல். ஆனால் சொந்தப் பேத்தியின் கழுத்துரு அந்த வளவில் ஏறாமல், யாரோ ஒருவரின் கல்யாணத்துக்கு மட்டும் கதவு திறப்பது ஆச்சி அப்பச்சிமாருக்கு நாம் செய்யும் மரியாதையா? அடுத்த முகூர்த்தத்துக்கு மண்டபம் பார்க்கப் புறப்படுமுன், பங்காளிகளுக்கு ஒரு போன் போட்டுப் பாருங்கள்.