மிளாவைச் சுட்டவன் சொல்வது

ஜூன் மாதக் குளிரில் நண்பர்கள் நால்வர் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மலைக்காட்டில் மூன்று இரவுகள் கூடாரமிட்டுத் தங்கினோம். மான் வேட்டைக்குத்தான் போனோம். அதை நான் யாரிடமும் மறைக்கவில்லை. திரும்பியதும் இலக்கிய நண்பர்கள் சிலருக்கு நான்கு படங்கள் அனுப்பினேன். பனி உறைந்த கூடாரம், கரி பிடித்த தேநீர்க் கெண்டி, ஹௌக்வா ஆறு, கடைசியாக ஒரு மிளா. முதல் மூன்றைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் எழுதவில்லை. நான்காவதற்கு ஏழு மடல்கள் வந்தன. "அந்தக் கண்களைப் பார்த்த பிறகும் எப்படிச் சுட முடிந்தது?" என்று கேட்டிருந்தார் ஒருவர். கவிதை வாசிக்கிறவன் துப்பாக்கி தூக்குவானா என்பது இன்னொருவரின் வியப்பு. "இனி உங்கள் எழுத்தை வாசிக்க எனக்கு மனம் வராது" என்று ஒரு நெடுநாள் நண்பர் முடித்துக்கொண்டார்.

இந்தப் பதில் அவருக்குத்தான். அவர் வாசிக்க மாட்டார் என்பதால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் அந்த விலங்கைப் பற்றி. நெல்லைச் சீமையில் பிறந்த எனக்கு அது மிளா. உடன் வந்த கோவை நண்பருக்குக் கடமான். வன்னியிலிருந்து வந்து மெல்பர்னில் குடியேறிய அண்ணனுக்கு மரை. எங்களை அழைத்துச் சென்ற ஆஸ்திரேலிய நண்பர் அதைச் 'சாம்பார்' என்பார். எங்கள் வீட்டில் இட்லிக்கு ஊற்றுவதும் ஏறக்குறைய அதே பெயர்தான் என்று அறிந்த நாளிலிருந்து இன்றுவரை அவருடைய சிரிப்பு அடங்கவில்லை. நான்கு பெயர்களும் ஒரே மானுக்கு உரியவை. அதன் ஆண் இருநூறு கிலோவைத் தாண்டி வளரும். மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைகளிலும் இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளியிலும் வாழும் அதே விலங்கு, எங்கள் பிறந்த மண்ணிலிருந்து எண்ணாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், யூக்கலிப்டஸ் காட்டில் எங்கள் முன் நின்றது.

அது தானாக அங்கே போகவில்லை. 1861-ல் விக்டோரியாவில் ஒரு சங்கம் அமைத்தார்கள். உலகின் 'பயனுள்ள, அழகிய' உயிர்களை எல்லாம் கொண்டுவந்து அம்மண்ணில் பழக்குவது அதன் நோக்கம். 'ஆர்கஸ்' நாளிதழின் அதிபர் எட்வர்ட் வில்சன் அதன் முன்னணி ஆர்வலர். வேட்டைப் பொழுதுபோக்குக்காக தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணையார் இங்கிலாந்திலிருந்து முயல்களை வரவழைத்து விட்டது 1859-ல். அதன் பிறகு அக்கண்டத்துக்கு நேர்ந்ததைப் பள்ளிப் பாடப் புத்தகங்களே சொல்லும். மிளாவும் அதே மனநிலையின் விளைவுதான். 1860களில் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கப்பலேறிய சில மிளாக்கள் மெல்பர்னைச் சுற்றியுள்ள காடுகளில் விடப்பட்டன. துரைமார் நீலகிரியிலும் நுவரெலியாவிலும் விரட்டிச் சுட்ட மானைப் புதிய குடியேற்றத்திலும் விரட்டிச் சுட வேண்டும், காரணம் அவ்வளவே.

முண்டந்துறையில் மிளா ஒரு அடி எடுத்து வைக்கும்போது காற்றில் புலி இருக்கிறது, செந்நாய் இருக்கிறது, சிறுத்தை இருக்கிறது. விக்டோரியாவில் இவை எதுவும் இல்லை. டிங்கோ நாய் கன்றைப் பிடிக்கலாம். வளர்ந்த மிளாவை அடக்கும் வேட்டை விலங்கு அங்கே கிடையாது. இன்று அம்மாநிலத்தில் எல்லா வகை மான்களும் சேர்ந்து பத்து லட்சத்தைத் தொடக்கூடும் என்று மதிப்பிடுகிறார்கள். அவற்றில் மிகப் பரவியது நம் மிளா.

அது அங்கே என்ன செய்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தேன். மலையுச்சிச் சமவெளிகளில் ஸ்பாக்னம் என்னும் பாசி, பஞ்சு மெத்தைபோல் நூற்றாண்டுக் கணக்கில் படிந்து சதுப்பாகியிருக்கிறது. உருகும் பனியை உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையில் ஆறுகளுக்குச் சிறிது சிறிதாக விடுவது அந்தச் சதுப்புதான். குளம்புள்ள விலங்கையே அறியாத நிலம் அது. கங்காருவின் பாதம் அதன்மேல் மெத்தென்று பதியும். மிளாவின் குளம்பு கடப்பாரைபோல் இறங்கும். மிளாவுக்குச் சேற்றில் புரளும் பழக்கமும் உண்டு. எங்கள் நண்பர் காட்டிய ஒரு சதுப்பின் நடுவில் மாட்டுவண்டி அகலத்துக்குக் கரிய சேற்றுக் குழி. அதைச் சுற்றிப் பாசி வெளுத்துச் செத்துக் கிடந்தது. இத்தகைய சதுப்புகளை 2009-ல் ஆஸ்திரேலியக் கூட்டரசு அழியும் நிலையிலுள்ள உயிர்ச்சமூகமாக அறிவித்தது. மெல்பர்னுக்குக் கிழக்கே யாரா மலைத்தொடரில் ஷைனி நெமட்டோலெபிஸ் என்று வெண்ணிறப் பூப் பூக்கும் சிறு மரம் ஒன்று உண்டு. உலகில் வேறெங்கும் இல்லாதது. ஆண் மிளாக்கள் கொம்பைத் தேய்த்துத் தேய்த்துப் பட்டை உரித்ததில் அந்த மரங்கள் செத்தன. வேலி போட்டுத்தான் எஞ்சியவற்றைக் காக்க வேண்டியிருந்தது.

என் நண்பரிடம் கேட்கிறேன். அந்த மரத்துக்குக் கண்கள் இல்லை என்பதுதானே நம் சிக்கல்? பாசிக்குக் கண்கள் இல்லை. சதுப்பில் முட்டையிடும் தவளையின் கண்கள் மிகச் சிறியவை, படத்தில் விழாது. பெரிய ஈரக் கண்ணும் நீண்ட இமையும் உள்ள உயிருக்கு மட்டும் சுரக்கும் இரக்கத்தை ஜீவகாருண்யம் என்று சொல்லிக்கொள்கிறோம். அழகியவற்றைக் காக்க வேண்டும் என்பதல்லாமல் அதில் வேறென்ன இருக்கிறது? எட்வர்ட் வில்சனுக்கும் அழகிய உயிர்கள்மீது மிகுந்த பிரியம் இருந்தது.

நம் மரபைக் காட்டி ஒரு நண்பர் என்னைக் கடிந்திருந்தார். எந்த மரபு? குறிஞ்சித் திணையில் வேட்டையை நீக்கிவிட்டால் என்ன மிஞ்சும்? வள்ளி வளர்ந்தது வேடர் குடியில்தான். வேடனாகிய திண்ணனார் வாயில் சுவைத்துப் பார்த்துப் படைத்த இறைச்சியைச் சிவன் ஏற்றுக்கொண்டார், அருவருத்தவர் சிவகோசரியார். ஆனால் அந்த வேடனை நாம் நாயனாராக ஒப்புக்கொண்டது அவர் கண்ணைப் பிடுங்கி அப்பிய பிறகே என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்கலாம். மானைக் கொன்றதற்காகப் பாண்டு சாபம் பெற்றானே என்பார்கள். அவன் கொன்றது மானை அல்ல, மானுருவில் இருந்த முனிவரை, சாபமிட்டதும் அவர்தான். வேட்டை என்றதும் நமக்கு எழும் கூச்சத்தில் மான்மீதான அன்பைவிட வேட்டுவக் குடிகள்மீதான ஏளனம் அதிகம் என்பது என் நெடுநாள் ஐயம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது நரிக்குறவர்களின் பிழைப்பு என்னவாயிற்று என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

அச்சட்டம் தவறு என்று நான் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் மிளாவின்மேல் கைவைப்பவனைச் சிறையில் போடுவதுதான் நியாயம். புலிக்கு அது உணவு. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் அது இன்று அழிவுக்கு ஆளாகக்கூடிய இனம். 2022-ல் திருத்தப்பட்ட இந்தியச் சட்டம் அதை முதல் அட்டவணையில் ஏற்றியது. ஓர் உயிரைக் கொல்வது ஒரு மண்ணில் குற்றமாகவும் இன்னொரு மண்ணில் கடமையாகவும் இருக்க முடியும் என்பதை ஏற்பது கடினம்தான். மண்ணைப் பார்க்காமல் விலங்கை மட்டும் பார்ப்பவருக்கு அது ஒருபோதும் புரியாது. அட்டைப்பெட்டியில் கோழி வாங்கித் தின்றுவிட்டு எனக்கு மடல் எழுதியவர்களைப் பற்றி ஒன்றும் சொல்லப் போவதில்லை. அது பழைய வாதம், அவர்களுக்கே தெரியும்.

இதுவரை வாசித்த வேட்டைக்கார நண்பர்கள் மகிழ்ந்திருப்பார்கள். இனி அவர்களோடு பேச வேண்டும்.

முதல் நாள் இரவு. சட்டப்படி ஓர் அடி ஆழத்துக்குக் குழி வெட்டி, சுற்றிலும் சருகு நீக்கி நெருப்பு மூட்டியிருந்தோம். தண்ணீர்க் குடுவையில் பனிக்கட்டி மிதந்தது. அன்று மாலை வடக்குச் சரிவில் (தென்கோளத்தில் குளிர்கால வெயில் வடக்கிலிருந்து வரும், மிளாவும் அங்கேதான் படுக்கும்) மூன்று பெண் மிளாக்களைக் கோவை நண்பர் எழுபது அடி தூரத்தில் கண்டிருக்கிறார். சுடவில்லை. ஏன் என்றேன்.

"பொட்டையப் போய்ச் சுடறதாவது? பாவமுங்க" என்றார்.

கொம்புள்ள ஆணைச் சுட்டால் பாவமில்லையா என்று கேட்டேன். பதில் இல்லை. அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு சுவர் மூன்று ஆண்டுகளாகக் காலியாக இருப்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

இது ஒருவரின் குணமன்று. அக்காட்டில் திரியும் வேட்டைக்காரர்களில் பலர் பிணையைக் கண்டால் துப்பாக்கியைத் தாழ்த்திவிடுவார்கள். அதைக் கண்ணியம் என்று நினைக்கிறார்கள். அடுத்த ஆண்டு சுடுவதற்குக் கன்று வேண்டுமல்லவா! அதே ஆட்கள்தாம் ஊர்க்கூட்டங்களில் எழுந்து, நாங்கள் காட்டைக் காக்கிறோம், அரசுக்குச் செலவில்லாமல் சேவை செய்கிறோம் என்று முழங்குவார்கள். ஓர் ஆண் மிளா பல பெண்களோடு சேரும். பத்து ஆண்களில் எட்டைச் சுட்டாலும் எஞ்சிய இரண்டு போதும், பிறப்பில் ஒரு கன்றும் குறையாது. 2019-ல் மட்டும் விக்டோரியாவில் வேட்டைக்காரர்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட மான்களைக் கொன்றதாக அரசு மதிப்பீடு. அதன் பிறகும் மான் புதிய இடங்களுக்குப் பரவியிருக்கிறது.

சட்டமும் அவர்களுக்கு உகந்தபடியே இருந்துவந்தது. விக்டோரியாவின் 1975ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின்கீழ் மிளா வேட்டை விலங்கு என்ற வகையில் பாதுகாக்கப்பட்டது. 2007-ல் அதே மாநிலம், வேறொரு சட்டத்தின்கீழ், மிளாவால் தாவர வளம் குன்றுவதை ஓர் அச்சுறுத்தும் நிகழ்வாகப் பட்டியலிட்டது. ஒரே அரசு ஒரு கையால் காத்து மறு கையால் குற்றம் சாட்டியது. தனியார் நிலங்களில் அந்தப் பாதுகாப்பைத் தளர்த்தவே 2013 வரை ஆயிற்று. யாருக்காக இந்தப் பாதுகாப்பு? நீலகிரியில் 1879-லேயே வேட்டை விலங்குகளைக் காக்க ஆங்கிலேயர் ஒரு சட்டம் இயற்றினார்கள். அதில் காக்கப்பட்டது துரைகளின் பொழுதுபோக்கு. மிளா கடல் தாண்டியபோது அந்த எண்ணமும் கூடவே கப்பலேறியிருக்கிறது.

2019-20 பெருந்தீக்குப் பிறகு, எரிந்த காட்டில் முளைத்த தளிரைக் காப்பாற்ற அரசு ஹெலிகாப்டரிலிருந்து மான்களைச் சுட்டது. இறைச்சி காட்டிலேயே அழுகியது. எங்கள் ஆஸ்திரேலிய நண்பருக்கு அதில் இன்றும் ஆறாத கோபம். வீணாகிய இறைச்சியைப் பற்றி அவர் சொல்வது நியாயம். ஆனால் ஹெலிகாப்டர் ஆணென்றும் பெண்ணென்றும் பார்க்கவில்லை. அதனால்தான் அது தேவைப்பட்டது என்று நான் சொன்னேன். அவர் விறகைத் தள்ளிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் விடியலில் நான் சுட்டேன். யாழ்ப்பறவை எங்கோ பள்ளத்தில் பிற பறவைகளின் குரல்களை வரிசையாகப் பாடிக்கொண்டிருந்தது. காற்று முகத்தில் அடித்தது. முட்புதருக்கு அப்பால் ஒரு பெண் மிளா பக்கவாட்டில் நின்றது. கண்களைப் பார்த்தேனா என்று கேட்டவருக்கு: பார்த்தேன். கை நடுங்கியது. மூச்சை விட்டு நிதானித்துத் தோளுக்குப் பின்னால் சுட்டேன். முப்பது அடி ஓடி விழுந்தது. அப்போது எனக்குள் எழுந்தது துயரம் மட்டுமன்று. ஒரு களிப்பும் இருந்தது. சதுப்பையும் பாசியையும் காக்கப் போனேன் என்று மட்டும் சொன்னால் அது பொய்யாகும்.

வயிற்றைக் கிழித்தபோது உள்ளே கன்று இருந்தது. முழங்கை நீளம், ரோமம் முளைத்திருந்தது. மிளா ஆண்டு முழுவதும் சினைப்படும் என்று நூலில் படித்திருந்தேன். படித்தது வேறு. நான் கத்தியை வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டேன்.

வன்னி அண்ணன் அருகில் வந்து குந்தினார். இளவயதில் தகப்பனாரோடு இடியன் துவக்குத் தூக்கிக் காடு புகுந்தவர். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "தம்பி, வாயில்லாச் சீவன்தான். மனம் கிடந்து உழையத்தான் செய்யும். ஆனா இதைச் செய்யவெண்டுதானே வந்தனாங்கள்? இறைச்சியைப் பழுதாக்காதையுங்கோ" என்று சொல்லி என் கத்தியை எடுத்துக்கொண்டார்.

அந்தப் படத்தை நான் யாருக்கும் அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் ஏழுக்குப் பதில் எழுபது மடல்கள் வந்திருக்கும். ஆனால் நான் சொல்லிக்கொண்டிருக்கும் வாதத்தின் விலை அதுதான். பெண் மிளாவைச் சுடவேண்டும் என்பது அந்தக் கன்றையும் சேர்த்துச் சொல்வது. இதைச் சொல்லாமல் சதுப்பு, சட்டம், புள்ளிவிவரம் என்று மட்டும் எழுதியிருந்தால் நானும் அந்தக் காலிச் சுவர்க்காரரைப் போன்றவனே.

நான்கு கால்களையும் முதுகுச் சதையையும் இரண்டு நடையாகச் சுமந்து கூடாரத்துக்கு ஏறினோம். அன்றிரவு அண்ணன் மிளகும் உப்பும் மட்டும் போட்டு வாட்டிய இறைச்சியைக் கோவை நண்பர் தொடவில்லை. ரொட்டியைத் தேநீரில் நனைத்துத் தின்றார். செப்டம்பரில் மறுபடியும் போவதாக இருக்கிறோம். பெண்மானைச் சுடுகிறவர்களோடு தாம் வரவில்லை என்று அவர் சொல்லிவிட்டார். கூடாரம் அவருடையது என்பதால் புதிதாக ஒன்று வாங்க வேண்டும்.