பொய்ச் சாட்சியம் நம் வழக்கை வெல்லாது

சென்ற ரமழானுக்கு முன் ஓர் அஸர் நேரத்தில், புதுவை முல்லா வீதியில் நம்மைக் காண ஓர் இளைஞர் வந்தார். நம்மிடம் சில காலம் அரபு இலக்கணம் ஓதியவர். நல்ல தமிழ் எழுதுபவர். “ஹஜரத், பிழை பார்த்துத் தாருங்கள்” என்று ஒரு கட்டுரையை நீட்டினார். காஸாவின் துயரைச் சொல்லும் அதன் முற்பாதி நம் கண்களைக் கசியச் செய்தது. பிற்பாதியோ நம்மைத் தலைகுனியச் செய்தது. ஹிட்லரின் ஆட்சியில் யூதர்கள் கொன்றொழிக்கப்பட்டதே கட்டுக்கதை என்று அதில் எழுதியிருந்தார். “பிற்பாதியைக் கிழித்துவிடுங்கள், தம்பி” என்றோம். “அவர்கள் நமக்குச் செய்வதைப் பார்த்துமா இப்படிச் சொல்கிறீர்கள்?” என்று கேட்டார்.

அக்கேள்விக்கு விடையாகவே இதனை எழுதுகிறோம். அவர் ஒருவருக்காக மட்டுமன்று. அவ்வாறு எழுதுகின்ற, அவ்வெழுத்தை ஆராயாது அச்சேற்றுகின்ற நம்மவர் அனைவருக்காகவும் எழுதுகிறோம்.

செய்தியை நிறுத்துப் பார்க்கும் கலையை வளர்த்த சமுதாயம் நாம் என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். ஒரு ஹதீஸை ஏற்குமுன், அதை அறிவித்தவர் யார், யாரிடம் கேட்டார், நாணயமானவரா, நினைவாற்றல் உடையவரா என்றெல்லாம் நம் இமாம்கள் துருவினர். ஒன்றுகூடிப் பொய் புனைய இயலாத அளவுக்குத் திரளானோர் அறிவித்த செய்தியை ‘முதவாத்திர்’ என்றனர். குற்றவாளி தன் வாயால் ஒப்புக்கொள்ளும் ‘இக்ரார்’ வலிய சான்றென்று ஃபிக்ஹ் நூல்கள் கூறும். நம் வீட்டிலுள்ள இவ்விரு படிக்கற்களைக் கொண்டே அந்த வரலாற்றை நிறுப்போம்.

1942 ஜனவரி 20 அன்று பெர்லின் நகரின் வான்ஸே பகுதியில் நாஜி அதிகாரிகள் கூடி, ஐரோப்பிய யூதர்களை நாடுவாரியாகக் கணக்கிட்ட கூட்டத்தின் குறிப்பு நம் காலம் வரை எஞ்சியிருக்கிறது. ஆஷ்விட்ஸ் முகாமின் தளபதியாயிருந்த ருடோல்ஃப் ஹோஸ், 1946இல் நூரம்பர்க் நீதிமன்றத்தில் அங்கு நடந்த கொலைகளைத் தானே விவரித்தான். பிணங்களை எரிக்கும் பணியில் கட்டாயமாக ஈடுபடுத்தப்பட்ட கைதிகள் எழுதி மண்ணில் புதைத்த தாள்கள், பின்னர் அங்கேயே தோண்டியெடுக்கப்பட்டன. கொன்றவனின் ஒப்புதல், மாண்டவனின் கையெழுத்து, பல நாடுகளில் பல மொழிகளில் உயிர் தப்பியோர் சொன்ன வாய்மொழி ஆகிய மூன்றும் ஒன்றையே உரைக்கின்றன. முதவாத்திர் என்பதற்கு இதைவிட வேறு இலக்கணம் வேண்டுமா? மாண்ட யூதர் ஏறத்தாழ 60 லட்சம் பேர்.

“ஆஷ்விட்ஸில் 40 லட்சம் என்றிருந்த பலகையை 1990இல் அகற்றிவிட்டார்களே! எண்ணே பொய்யாயிற்றே!” என்பர். 40 லட்சம் என்பது எல்லா இனத்தாரையும் சேர்த்துச் சோவியத் ஆணையம் 1945இல் சொன்ன கணக்கு. 60 லட்சம் என்னும் கணக்கு அதன்மேல் கட்டப்பட்டதன்று. வரலாற்றாசிரியர் ராவுல் ஹில்பர்க் 1961இலேயே ஆஷ்விட்ஸில் மாண்ட யூதரைச் சுமார் 10 லட்சம் என்றே கணித்திருந்தார். இன்றைய ஆய்வும் அதை ஒட்டியே நிற்கிறது. பலவீனமான அறிவிப்பைத் தள்ளியதால் ஹதீஸ் கலை பொய்யாகிவிடுமா? தள்ளத் தெரிந்தவர்களை அன்றோ நாம் இமாம்கள் என்கிறோம்!

அடுத்து நம்மவர் எடுத்துக்காட்டும் பெயர் ரோஜே கரோதி. பிரெஞ்சுத் தத்துவ அறிஞர். 1982இல் இஸ்லாத்தைத் தழுவியவர். இவ்வழிவை மறுத்து எழுதியதற்காக 1998இல் பாரிஸ் நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. முஸ்லிம் நாடுகள் பலவற்றில் அவருக்கு மாலை விழுந்தது. எழுத்தாளனைச் சட்டம் தண்டிக்கலாமா என்பது வேறு வழக்கு. கலிமா சொன்னவர் எழுதியதால் பிழை சரியாகிவிடுமா என்பதே நம் கேள்வி. ஃபலஸ்தீனத்தின் பெருங்கவிஞர் மஹ்மூத் தர்வீஷை நினைத்துப் பாருங்கள். 1948இல் பிறந்த ஊரை இழந்தவர் அவர். 2001இல் பெய்ரூத்தில் இம்மறுப்பாளர்கள் மாநாடு கூட்ட முயன்றபோது, அதை எதிர்த்துக் கையொப்பமிட்ட அரபு எழுத்தாளருள் அவரும் ஒருவர். வீடிழந்தவருக்கே தேவைப்படாத பொய், புதுவையில் நிழலில் அமர்ந்து எழுதும் நமக்கு எதற்கு?

மறுபுறத்தாரையும் விட்டுவிடோம். ஆஷ்விட்ஸில் மாண்டோரின் பெயரைச் சொல்லி, 1948இல் ஏறத்தாழ 7 லட்சம் ஃபலஸ்தீனர் வீடிழந்ததை மறைக்கின்றனர். 2023 முதல் காஸாவில் பல்லாயிரவர் மாண்டதைக் கேள்வி கேட்பவனை யூதப் பகைவன் என்கின்றனர். இறந்தோரைக் கேடயமாகப் பிடிக்கும் எழுத்தும் பொய்ச் சாட்சியமே. 2023 அக்டோபர் 7இல் கொல்லப்பட்ட இஸ்ரேலியக் குடிமக்களைக் காணாத எழுத்தும் அவ்வாறே.

இனி, நம் தமிழுக்குள் வருவோம். 1990 ஆகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை இரவு. இலங்கையின் காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். சிறுவர்களும் அதில் அடக்கம். குற்றஞ்சாட்டப்பட்ட விடுதலைப் புலிகள் ‘நாங்களல்ல’ என்றனர். அவ்வாண்டு அக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் 70,000க்கும் மேற்பட்டோர் புலிகளால் விரட்டப்பட்டனர். யாழ்ப்பாணத்தாருக்குக் கிடைத்த அவகாசம் இரண்டே மணி நேரம். ஈழத்தமிழரின் துயரை உருகி உருகி எழுதிய தமிழகப் பேனாக்களில் எத்தனை இதை எழுதின? “எண்ணிக்கை மிகை”, “எதிரியின் சூழ்ச்சி”, “இப்போது பேசினால் போராட்டம் பலவீனப்படும்” என்றெல்லாம் நமக்குச் சொன்னார்கள். அச்சொற்கள் நம்மை எவ்வாறு சுட்டன! அதே சொற்களையன்றோ நம் இளைஞர் வேறொரு சமூகத்து மய்யித்துகளின் மீது வீசுகிறார்? ஆஷ்விட்ஸை மறுக்கும் பேனாவுக்குக் காத்தான்குடிக்காக வழக்காடும் தகுதி ஏது?

இன்னொன்றும் சொல்வோம். பட்டினியால் எலும்பாகி, சாவின் வாயிலில் நின்ற கைதியை ஆஷ்விட்ஸில் ஒரு பெயரால் அழைத்தனர். அங்கிருந்து மீண்ட இத்தாலிய எழுத்தாளர் பிரீமோ லெவி 1947இல் வெளியான நூலில் அதனைப் பதிவு செய்துள்ளார். அப்பெயர் ‘முஸல்மான்’. உலகம் கைவிட்ட யூதனுக்கு, எக்காரணத்தாலோ, நம் பெயர் வாய்த்தது. அவனை இல்லையென்று எழுத நம் கை எப்படித் துணியும்?

பகை கொண்ட கூட்டத்தாரிடத்தும் நீதி தவறலாகாது என்பது அல்மாயிதா அத்தியாயத்தின் எட்டாம் வசனம் நமக்கிடும் கட்டளை. நீதியின் முதற்படி, நடந்ததை நடந்ததென்று சொல்வது. ஃபலஸ்தீனத்தின் வழக்கு தன் காலிலேயே நிற்கவல்லது. அதற்குப் பொய்யை ஊன்றுகோலாகக் கொடுப்பவர் அதை முடமாக்குகிறார்.

அவ்விளைஞர் கட்டுரையை எடுத்துச் சென்றுவிட்டார். முற்பாதியோடு மட்டும் திரும்பி வருவாராயின், பிழை திருத்தித் தர நாம் காத்திருக்கிறோம்.