இரப்போர் குரலும் உரிமையே

இரத்தல் இழிவா என்பது பழைய வினா. இரப்போரின் வாயை அடைக்கச் சட்டத்திற்கு உரிமை உண்டா என்பதே இன்று நாம் எண்ண வேண்டிய வினா.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டு. அந்நகரின் மையப் பகுதியில், உடனே பணம் தருமாறு வாய்மொழியாகக் கேட்பதைச் சட்டம் தடுத்தது. இரந்தெழுதிய அட்டையை ஏந்தி நிற்கலாம். நன்கொடையைப் பின்னர் அனுப்புமாறும் கேட்கலாம். 'இப்போதே உதவுங்கள்' என்பது மட்டுமே குற்றம்!

பேச்சுரிமையைக் காக்கும் முதல் அரசியலமைப்புத் திருத்தத்தைத் துணைக்கொண்டு இரவலர் வழக்குத் தொடுத்தனர். 2014இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. 2015 ஜூனில் வேறொரு வழக்கு உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. அரிசோனாவின் கில்பர்ட் நகரில் தேவாலயம் ஒன்று வைத்த அறிவிப்புப் பலகைகள் பற்றியது அது. சொல்லப்படும் பொருளை வைத்துப் பேச்சைப் பாகுபடுத்தும் சட்டம் மிகக் கடுமையான ஆய்வுக்குரியது என்றது உச்ச நீதிமன்றம். அவ்வாண்டு ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தன் முடிவை மாற்றி, இரவலர் பக்கம் நின்றது.

மிரட்டுவோரையும் வழிமறிப்போரையும் தண்டிப்பது முறையே. ஆனால் பணிவுடன் கேட்பவரைத் தண்டிப்பது வறுமையைக் கண்மறைவாக்கும் முயற்சியே அன்றி வேறில்லை. கேட்க அவருக்கு உரிமை உண்டு. மறுக்க நமக்கும் உரிமை உண்டு. அம்மறுப்பை நமக்காக அரசே முன்கூட்டிச் சொல்லிவிடுதல் அறமாகாது.

வள்ளுவர் 'இரவு' என ஓர் அதிகாரம் வகுத்து, அதனை அடுத்தே 'இரவச்சம்' வைத்தார். இரத்தலின் துயரை அறிந்த சமுதாயம், இரப்போரின் குரலை அடக்காது. இரக்க நேரும் நிலையையே மாற்ற முயலும். தீர்ப்பு குரலைக் காத்தது, வயிற்றை நிரப்பவில்லை. அது சமுதாயத்தின் கடன்.