பேச்சுவார்த்தை மேசையில் கொழுந்து பறிக்கும் பெண் இருக்க வேண்டும்: எமது மன்றத்தின் நிலைப்பாடு

மலையகத் தேயிலைத் தோட்டக் கம்பனிகளோடு பேசும் சம்பளப் பேச்சுவார்த்தைக் குழுவுக்குத் தொழிற்சங்கத் தலைமை ஆட்களைத் தெரிவு செய்துள்ளது. குழுவில் ஒரு பெண்ணும் இல்லை. கொழுந்து மலையில் ஒரு நாளாவது பேர் போட்டு வேலை செய்தவரும் இல்லை. சட்டமும் ஆங்கிலமும் தெரிந்தவர்கள் இருந்தால் போதும் என்ற தலைமையின் விளக்கத்தைத் தோட்டத்துப் பெண் தொழிலாளரின் மன்றமான நாங்கள் ஏற்கவில்லை.

சட்டம் தெரிந்தவர் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. தோட்டத்தில் பிறக்காதவர் தலைவராகக் கூடாது என்பதும் எமது நிலைப்பாடன்று. மலையகத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யர் தஞ்சாவூரிலிருந்து வந்தவர். வெளியாட்கள் தோட்டத்துக்குள் கால்வைக்க முடியாத காலத்தில் புடவை வியாபாரியாக வேடமிட்டு லயங்களுக்குப் போனார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் பாட்டுக் கட்டித் தொழிலாளர் நடுவே பாடினார். அவர்கள் எங்கள் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டு பேசினார்கள். இன்று லயத்து வாசலுக்குத் தேர்தலுக்குத் தேர்தல் வருகிறவர்கள் எங்களுக்காகப் பேசப் போகிறார்கள்.

எங்கள் வாழ்க்கை தெரியாதவர் பேசினால் என்ன ஆகும் என்பதற்குக் கொழுந்து நிறுவையை எடுத்துக்கொள்வோம். நாட்சம்பளம் எவ்வளவு என்பது வர்த்தமானியில் வரும். 2021 இல் ஆயிரம் ரூபாய் வந்தது, பிறகு அது கூடியது. கைக்கு வருவதைத் தீர்மானிப்பதோ கொழுந்து மடுவத்துத் தராசு. அன்றைக்கு விதித்த கிலோ நிறையாவிட்டால் அரைப்பேர், பாதி நாள் சம்பளம். மழை நாளில் ஈரத்துக்கென்று கழிப்பார்கள், சாக்குக்கென்று கழிப்பார்கள், முற்றல் இலை என்று இன்னும் கொஞ்சம் கழிப்பார்கள். ஒவ்வொரு நிறுவைக்கும் இதே கழிவு. முள் அசைந்து நிற்பதற்குள் எண்ணைக் கூப்பிட்டுவிடுவார்கள். பின்னால் வரிசை நிற்கும், பிள்ளைக் காம்பரா மூடும் நேரமாகியிருக்கும், வாய் திறந்தால் நாளைக்குக் கொழுந்தில்லாத நிரை கிடைக்கும். அங்கே கூடையோடு நின்ற ஒருத்திக்கு, "கிலோ விஷயத்தைத் தோட்ட மட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்று கம்பனித் தரப்பு சொன்னவுடன் என்ன பறிபோகிறது என்று புரியும். நிற்காதவருக்கு அது சின்ன விட்டுக்கொடுப்பாகத் தெரியும். முன்பு பேசப் போனவர்கள் அப்படித்தான் விட்டுக்கொடுத்தார்கள்! கூடிய சம்பளத்துக்கு அவர்கள் மாலை போட்டுக்கொண்டார்கள், கூடிய கிலோவை நாங்கள் சுமந்தோம்.

மலையில் கழிப்பறை இல்லை என்பதை மேசையில் சொல்லத் தலைவர்கள் கூச்சப்படுகிறார்கள். எங்களுக்குக் கூச்சமில்லை. பெண்களின் குறைகள் எவ்வளவு காலம் காத்திருந்தன என்பதற்கு, ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் 1984 இல்தான் கிடைத்தது என்பதையும் இங்கே நினைவூட்டுகிறோம்.

ஆண் தோழர்களைக் குறைகூறுவது இவ்வறிக்கையின் நோக்கமன்று. கவ்வாத்து வெட்டுகிறவர்களின் கஷ்டம் எமக்குத் தெரியும், அவர்களில் பலர் எமது கோரிக்கைக்கு ஆதரவாகவே உள்ளனர். ஆயினும் ஒவ்வொரு தோட்டத்திலும் மாதர் தலைவி என்று ஒருவரை வைத்து, மே தினத்துக்குப் பெண்களைத் திரட்டும் வேலையை மட்டும் அவர் தலையில் கட்டி, முடிவெடுக்கும் அறைக்கு வெளியே நிறுத்துவதை இனியும் சகிக்க முடியாது. கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தோட்டத் தொழிலாளரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பெண்கள். சங்கத்தின் சந்தா எங்கள் சம்பளத்திலிருந்தும் பிடிக்கப்படுகிறது.

பேச்சுவார்த்தைக் குழுவில் பாதி இடம் கேட்க வேண்டும் என்று எமது மன்றத்தின் செயற்குழுவில் பலர் வலியுறுத்தினர். தற்போதைய சூழலைக் கருதி மூன்றில் ஒரு பங்கு இடம் கேட்க இணங்கியுள்ளோம். அந்த இடங்களுக்கு இப்போதும் பேர் போடுகிற பெண்களே வர வேண்டும், அவர்களைத் தோட்டத்துப் பெண்களே தெரிவு செய்ய வேண்டும். தலைவர்களின் மனைவியரையோ மகள்மாரையோ உட்காரவைத்துக் கணக்குக் காட்டுவதை ஏற்கமாட்டோம். மொழி தெரியாது என்றால் மொழிபெயர்ப்பாளரை வையுங்கள்.

இக்கோரிக்கைக்குச் சங்கத் தலைமையின் பதில் வரும்வரை இப்போதைய பேச்சுவார்த்தைக் குழு செய்துகொள்ளும் எந்த உடன்பாடும் கொழுந்து பறிக்கும் பெண்களின் சம்மதத்தோடு செய்யப்பட்டதாகக் கருதப்படாது. சங்கத்துக்குச் சந்தா கட்டுவதை நிறுத்தும் யோசனையில் எம்மிடையே ஒருமித்த முடிவு எட்டப்படவில்லை. அது அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் வாக்கெடுப்புக்கு விடப்படும்.